ஈராசிரியர் பள்ளியில் செலவில்லாத வகுப்பறை

கேள்வி: சேர்வராயன் மலைமேல் உள்ள ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். தலைமையாசிரியரும் நானும் மட்டுமே இருக்கிறோம். ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 34 குழந்தைகள். பெரும்பாலோர் இந்த மலையில் வாழும் 'மலையாளி' என்னும் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெற்றோர் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு கைக்காசு போட்டு சார்ட், தெர்மாகோல், வண்ணத்தாள் எல்லாம் வாங்கி வகுப்பறையை அலங்கரித்தேன். மழைக்கால ஈரத்தில் அனைத்தும் ஊறிச் சுருண்டு, பூஞ்சணம் பிடித்து விழுந்துவிட்டன. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற குழந்தைகள் சும்மா இருக்கிறார்கள் அல்லது சண்டை போடுகிறார்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்குச் செல்லும் நாள்களில் ஐந்து வகுப்பும் என் பொறுப்பு. அதிகச் செலவில்லாமல், இங்கே கிடைப்பதை வைத்தே வகுப்பை நடத்த என்ன வழி?
ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செலவைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற நான்கு வகுப்புக் குழந்தைகளும் என்ன செய்வது என்பதுதான் உங்களை உண்மையில் வாட்டுகிறது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முதல் கேள்வி பெரிய சிக்கலாக இருக்காது. சுவரில் ஒட்டிய சார்ட்டைக் குழந்தை முதல் வாரம் பார்க்கும். அதன் பிறகு அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும். உங்களுக்குத் தேவை குழந்தை தானே எடுத்து, தானே செய்து, தான் செய்தது சரியா தவறா என்று உங்களிடம் வந்து காட்டாமலேயே தெரிந்துகொள்ளக்கூடிய பொருள்கள். ஒரு பொருளைச் செய்யத் தொடங்கும் முன்பு, 'இதில் தவறு செய்த குழந்தைக்கு அது தவறென்று யார் சொல்வார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'நான்தான் சொல்ல வேண்டும்' என்பது விடையானால், ஈராசிரியர் பள்ளியில் அந்தப் பொருளால் உங்கள் வேலை கூடுமே தவிரக் குறையாது.

எழுத்திலிருந்து தொடங்குகிறேன். ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் குடித்துப் போடும் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் மூடிகளைத் தேநீர்க் கடைகளிலும் விடுதிகளிலும் சொல்லி வைத்தால் ஒரு மாதத்தில் சாக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். சோப்பு போட்டு வெந்நீரில் கழுவிக் காயவைத்து, மார்க்கர் பேனாவால் ஒரு மூடிக்கு ஓர் எழுத்தாக எழுதி, மேலே நிறமில்லாத நகப்பூச்சை ஒரு தடவை பூசிவிடுங்கள். குழந்தைகளின் கை பட்டு எழுத்து அழியாது, மலை ஈரமும் இதை ஒன்றும் செய்யாது. தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன என்பதற்காக 247 மூடி எழுத வேண்டியதில்லை. க, ங, ச என்னும் 18 அகர வரிசை எழுத்துகள், துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகிய நான்கு குறிகள், உயிரெழுத்துகள், ஆய்தம் ஆகியவை இருந்தால் போதும். 'க' மூடிக்குப் பின்னால் துணைக்காலை வைத்தால் கா. முன்னால் ஒற்றைக்கொம்பை வைத்தால் கெ. இரண்டையும் வைத்தால் கொ. துணைக்காலுக்குப் பதிலாக 'ள' மூடியை வைத்தால் கௌ. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமே என்றால், 'க' மூடியின் தலையில் ஒரு மிளகை வைத்தால் க் கிடைத்துவிடும். உங்கள் ஊரில் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் ஏறிக் கிடக்கும் மிளகுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒவ்வொரு எழுத்தின் 13 வடிவங்களில் ஒன்பது, சேர்த்து வைப்பதாலேயே உருவாகிவிடும்.

மீதமுள்ள கி, கீ, கு, கூ வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. இவற்றுக்கு மட்டும் 72 தனி மூடிகள் எழுதுங்கள். நம் குழந்தைகள் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த வரிசைகளில்தான். து, நு, னு ஆகியவற்றின் சுழிகளில் தயங்கும் குழந்தை கா, கே, கொ ஆகியவற்றைத் தயங்காமல் படித்துவிடும். எனவே இந்த 72 மூடிகளையும் வேறு நிறத்தில் தனி டப்பாவில் வைத்து, முதல் தொகுதி கைவந்த பிறகு கொடுங்கள். க, ட, த, ப, ம, ர, ல, ன போன்ற எழுத்துகளுக்கு மும்மூன்று மூடிகளாவது வேண்டும். இல்லாவிட்டால் 'அம்மா' என்று எழுதுவதற்கே ஒரு மூடி குறையும்.

இந்த மூடிகளோடு சேர வேண்டியவை பட அட்டைகள். வீடுகளுக்கு வந்து தேங்கிக் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு தடித்த நல்ல அட்டையை விலை கொடுத்து வாங்குவதானால் கை கடிக்கும். இருபுறமும் அச்சில்லாத பகுதியை உள்ளங்கை அளவில் வெட்டி, ஒரு பக்கம் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளைப் படம் வரையச் சொல்லுங்கள். மறுபக்கம் அதன் பெயரை நீங்கள் எழுதுங்கள். சிறிய குழந்தை படத்தைப் பார்க்கிறது, மூடிகளைக் கோத்துச் சொல்லை உருவாக்குகிறது, அட்டையைத் திருப்பி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. படங்கள் பலா, மிளகு, ஆரஞ்சு, காட்டெருமை, கூடை, குடை, பேருந்து என்று அந்தக் குழந்தைகள் அறிந்தவையாக இருக்கட்டும். ஒரு கத்தை பத்திரிகைகளை வெட்டாமல் வைத்திருங்கள். சொந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் அச்சில் இருப்பதைப் பார்த்தவுடன், பாடப்புத்தகத்தைத் தொடத் தயங்கும் பையன்கூட எழுத்துக்கூட்டத் தொடங்குவான்.

கணக்குக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காடு வரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும், அவற்றுக்கு எண் பலகைகள் இருப்பதும் உங்கள் குழந்தைகளுக்குத் தெரிந்ததுதான். அந்தச் சாலையை உங்கள் பள்ளித் தாழ்வாரத் தரையில் வரைந்துவிடுங்கள். கீழே சேலம், அது 0. மேலே ஏற்காடு, அது 20. வளைவுக்கு ஓர் எண்ணாக எனாமல் பெயின்டில் எழுதி, 10-ஆம் வளைவுக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். தாயம் ஆட நம் வீடுகளில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவார்கள் அல்லவா? அப்படித் தேய்த்த ஆறு கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மல்லாந்து விழுகிறதோ அத்தனை வளைவு ஏற வேண்டும். ஏறுவது கூட்டல், இறங்குவது கழித்தல். எட்டில் நிற்கும் குழந்தைக்கு ஐந்து விழுந்தால், நகர்வதற்கு முன்பு எங்கே போய் நிற்போம் என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு நடந்து பார்க்க வேண்டும். 13-இல் போய் நின்றால் அது சொன்னது சரியா என்பதைச் சாலையே சொல்லிவிடும். நிறம் மாறிய பத்தைத் தாண்டி மூன்று வளைவு என்று கால் அறிந்துகொண்ட குழந்தைக்கு, 13 என்பது ஒரு பத்தும் மூன்று ஒன்றும் என்று விளக்க உங்களுக்கு அதிக நேரம் பிடிக்காது. மூன்றாம் வகுப்புக்கு அதே சாலையில் ஒரு வளைவுக்குப் பத்து என்று வைத்து 200 வரை கொண்டு செல்லலாம்.

பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் காப்பிப் பழம் இருக்கிறது. ஒரு பழத்தில் பொதுவாக இரண்டு கொட்டைகள். ஏழு பழத்தைப் பிதுக்கினால் 14. இரண்டாம் வாய்ப்பாடு முழுவதையும் உதிர்ந்த பழங்களைக் கொண்டே குழந்தைகள் கண்டுபிடித்து எழுதட்டும். இடையில் ஏதாவது ஒரு பழத்தில் உருண்டையாக ஒரே ஒரு கொட்டை இருக்கும். கடைகளில் பீபெரி என்று தனியாக விற்பது அதுதான். 'டீச்சர், கணக்குத் தப்பா வருது' என்று ஒரு குழந்தை ஓடி வரும் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் 50 பழங்களைக் கொடுத்து, எத்தனையில் ஒற்றைக் கொட்டை என்று அட்டவணை போடச் சொன்னால், பின்னத்துக்கும் புள்ளிவிவரத்துக்கும் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். பறித்த பழத்தின் எடையைக் கொண்டு கூலி கணக்கிடுவது குழந்தைகளுக்குப் பழகிய செய்திதான் என்பதால் கிலோகிராம், பெருக்கல் கணக்குகளையும் அதிலிருந்து அமைக்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் வீட்டு வருமானம் வகுப்பில் பேச்சாகிவிடக் கூடாது. கற்பனைத் தோட்டம், கற்பனைக் கூலி என்றே கணக்கை அமையுங்கள்.

கொட்டைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குண்டுமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க அழகாக இருக்கும், இரண்டும் நஞ்சு. அவற்றைப் பள்ளிக்குள் கொண்டு வரவே வேண்டாம். மிளகு, காப்பிக் கொட்டை போன்ற சிறியவற்றை முதல் வகுப்புக் குழந்தைகள் மூக்கிலோ காதிலோ திணித்துக்கொள்ளக் கூடும் என்பதால், அவர்களுக்கு எண்ணுவதற்குப் பலாக்கொட்டையைக் கொடுங்கள். மெய்யெழுத்துக்கு மூடியின் மேல் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

தினசரி, மாத நாள்காட்டிகளின் பின் அட்டையிலிருந்து இன்னொரு எளிய பொருள் செய்யலாம். அட்டையின் இடப்பக்கம் 7 + 5 என்றும் வலப்பக்கம் 12 என்றும் எழுதி, நடுவில் கோணல்மாணலாக வெட்டுங்கள். அடுத்த அட்டையை வேறு மாதிரி வெட்டுங்கள். சரியான விடை மட்டுமே பொருந்தும். எதிர்ச்சொல், ஒருமை பன்மை, ஆங்கிலச் சொல்லும் படமும் என்று எதற்கும் இதைச் செய்துகொள்ளலாம். வடிவியலுக்கு, 1970-களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் கற்பித்தல் முயற்சியிலிருந்து, எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா பரப்பிய முறை ஒன்று இருக்கிறது: மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைப்பது. முக்கோணத்தை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது, சதுரம் சரிந்துவிடும். சைக்கிள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் டியூப் ஒரு வகுப்புக்குப் போதும்.

அட்டைகள் ஈரத்தில் ஊறுமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எழுதி முடித்த அட்டையின் இரு பக்கமும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டால் ஈரம் எளிதில் இறங்காது. இறுக மூடும் பிஸ்கட் டப்பாவில், துணியில் முடிந்த காய்ந்த அடுப்புக்கரித் துண்டுகளோடு அட்டைகளை வையுங்கள். வெயில் வரும் நாளில் டப்பாவைத் திறந்து காயவிடுங்கள். சுவரில் செல்லோ டேப் போட்டு எதையும் ஒட்டாதீர்கள். அறையின் குறுக்கே குழந்தைகளின் தலைக்குச் சற்று மேலே இரண்டு கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப்பில் அவர்களுடைய படங்களையும் எழுத்துகளையும் தொங்கவிட்டு, வாரந்தோறும் மாற்றுங்கள். கடையில் வாங்கிய படம் ஒன்றுகூட அதில் வேண்டாம்.

செயல்வழிக் கற்றல் முறை நினைவிருக்கும். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளிலிருந்து கற்றுக்கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய முறை அது. அதன் அட்டைகளும், பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிகளும் இன்று வழக்கத்தில் இல்லாமல் போனாலும், சுவரின் அடிப்பகுதியில் குழந்தை உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில் கரும்பலகை அமைத்த அந்த ஏற்பாட்டை நாம் கைவிட்டிருக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். மழைச்சாரல் அடிக்காத உள்சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்து, ஒரு குழந்தைக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டுக் கொடுங்கள். அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் கோவையிலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசியே பலகையைக் கறுப்பாக்கினார்கள்; பழைய பலகைக்கு அது இன்றும் போதும். சிலர் ஊமத்தை இலை சேர்ப்பார்கள், அது நஞ்சு என்பதால் தவிர்த்துவிடுங்கள். அறையின் நடுவில் நின்றபடியே யார் எழுதுகிறார்கள், யார் திணறுகிறார்கள் என்பது உங்கள் கண்ணில் படும். முப்பது நோட்டுகளைத் திருத்தி முடித்துத் தெரிந்துகொள்வதை ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2021-26 காலத்துக்கான விதிகளின்படி, 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், 30-க்கு மேல் 100 வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாயும் பள்ளி மானியம் உண்டு. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு 5,000 ரூபாய் வரை தனியாக உண்டு. பணம் வரும்போது கரும்பலகைப் பெயின்டையும் எனாமலையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைத்து வாங்குங்கள். இனிமேல் கைக்காசு போடாதீர்கள். ஆசிரியை தன் சம்பளத்திலிருந்து நடத்தும் வகுப்பறை அவர் மாறுதலில் போகும் நாளோடு முடிந்துவிடும். ஊர் சேர்ந்து நடத்துவது நிற்கும். வீட்டில் கிடப்பதைக் கொண்டுவரச் சொல்லலாம். கடையில் வாங்க வேண்டியதைக் கொண்டுவரும்படி எந்தக் குழந்தையிடமும் சொல்லக் கூடாது.

இனி நேரம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழந்தைகளைப் பிரிப்பது உங்களுக்குப் பழக்கமானதே. அதையே சற்று நீட்டி 34 பேரையும் வகுப்பைப் பார்க்காமல் மூன்று குழுவாக்குங்கள். ஒரு குழு உங்களோடு, ஒரு குழு மூடிப் பெட்டியோடும் அட்டைகளோடும், ஒரு குழு தாழ்வாரச் சாலையிலோ தாழ்சுவர்ப் பலகையிலோ. இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பொறுப்பாளர். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பாடம் எதுவும் நடத்தாமல், எடுப்பது, பகிர்வது, திருப்பி வைப்பது ஆகியவற்றை மட்டும் பழக்கினாலும் அது வீண் அல்ல. அந்தப் பழக்கம் இல்லாமல் பெட்டியைத் திறந்துவிட்டால் மூன்றே நாளில் மூடிகள் ஓடையில் மிதக்கும். தலைமையாசிரியர் இல்லாத நாளில், முதல் ஒரு மணி நேரம் அனைவருக்கும் சேர்த்து ஒரே கதை, அதன் பிறகு இதே மூன்று குழு. அன்று புதிய பாடம் எதுவும் தொடங்க வேண்டாம்.

இப்படி மிச்சமாகும் நேரத்தைப் பதிவேடுகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் சொல்வதை எழுதுவதற்குக் கொடுங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்ததை, தோட்டத்தில் காட்டெருமை வந்த இரவை, பாட்டி சொன்ன கதையை ஒரு குழந்தை சொல்லச் சொல்ல, அதன் சொற்களிலேயே, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு வரியாக எழுதுங்கள். படத்தை அந்தக் குழந்தை வரையட்டும். ஒருபுறம் எழுதிய அலுவலகத் தாள்களை மடித்து நூலால் தைத்தால் புத்தகம் தயார். அதன் வீட்டுப் பேச்சைத் திருத்தி எழுதாதீர்கள். தான் சொன்ன வாக்கியம் என்பதால்தான் அது தயங்காமல் படிக்கிறது. பாடநூல் தமிழுக்கு அடுத்த பருவத்தில் அழைத்துச் செல்லலாம். முதலில் சொன்ன மூடிகளும் அட்டைகளும் இந்த வேலைக்கு உங்களை விடுவிப்பதற்காகத்தான். குழந்தையின் பேச்சைக் கேட்டு எழுதிக்கொடுக்க எந்தப் பெட்டியாலும் முடியாது.

அறிவியலுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பக்கங்கள் நேராக உள்ள பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனலாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை 0 என்று குறித்து, மேலே அளவுகோல் தாளை ஒட்டினால் மழைமானி. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் தினமும் காலையில் மில்லிமீட்டரில் படித்துத் தாழ்சுவரில் பட்டை வரைபடமாக வரையட்டும். ஆடி மழையையும் ஐப்பசி மழையையும் ஒப்பிடும்போது பருவக்காற்றுப் பாடம் பாதி முடிந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பெற்றோர் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் குழந்தைகள் வீட்டில் நின்றுவிடுவதுண்டு. பள்ளியில் இதே நிலை இருந்தால், நான்கைந்து துணிப்பைகளைத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மூடித் தொகுதி, பத்துப் பட அட்டைகள், பொருத்தும் அட்டைகள், நீங்கள் தைத்த கதைப் புத்தகம் ஒன்று என்று வைத்து, பக்கத்து வீட்டுக் குழந்தை வழியாக அனுப்புங்கள். தானே சரிபார்க்கும் பொருள் என்பதால் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டாலும் அது பயன்படும். தம்பியை மடியில் வைத்துக்கொண்டே அந்தப் பெண் அவனுக்கும் சொல்லிக் கொடுப்பாள். பை திரும்பி வரும்போது அவளும் வர வேண்டும் என்று பெற்றோரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்தப் பைகளை அக்டோபருக்குள் தைத்து முடித்துவிட வேண்டும் என்பதால், மூடி சேர்க்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.